பாதி எண்ணெய் ஸ்டவ்

பிளாரன்ஸ் மண்ணெண்ணெய் டின்னைக் குலுக்கினாள். சத்தமே இல்லை. கவிழ்த்தாள். மூன்று சொட்டு விழுந்தது.

எழுபத்து நான்காம் வருஷம். ரேஷனில் அடுத்த எண்ணெய் ஒன்றாம் தேதிதான். நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நாத்தனார் ஆக்னஸைப் பெண் பார்க்க மணப்பாட்டிலிருந்து பத்துப் பேர் வருகிறார்கள்.

“மைனி, அவியளுக்குக் காப்பியாவது உண்டுமா?” என்று ஆக்னஸ் மெல்லக் கேட்டாள்.

இத்தனைக்கும் வீட்டில் இருப்பது சிக்கன ஸ்டவ். தோணியில் வேலை பார்க்கும் புருஷன் மரியான், தவக்காலம் தொடங்கிய அன்று, பழையதைக் கொடுத்துவிட்டு வாங்கிவந்த பச்சை ஸ்டவ்.

“பாதி எண்ண போதும். கம்பெனிக்காரனே சொல்லுதான்,” என்றான்.

அந்த நாற்பது நாளும் வீட்டில் எல்லாருக்கும் ஒருசந்தி. ஒரு வேளைதான் உலை. ஈஸ்டர் அன்று பார்த்தால், சொன்னபடியே பாதி எண்ணெய் மிச்சம்! ஸ்டவ்வின் புகழ் தெருவெல்லாம் பரவிவிட்டது.

மிச்சம் இருக்கிறதே என்று பிளாரன்ஸ் சாயங்காலமும் காப்பி போட்டாள். மாமனார் ரோச் குளிக்க வெந்நீர் கேட்டார்.

“இந்த வெயிலுக்கா, மாமா?”

“எண்ண குடிக்காத அடுப்பு சும்மாதான இருக்கு, ஏளா?”

பக்கத்து வீட்டு மெட்டில்டா மீன் சட்டியோடு வந்தாள். “ஒரே ஒரு கொதி, பிளாரன்சு.” மறுநாள் அவள் பின்னால் இன்னும் மூன்று சட்டிகள் வந்தன.

எண்ணெய் இறங்க இறங்க பிளாரன்ஸ் கலங்கினாள். மெட்டில்டாதான் யோசனை சொன்னாள்.

“அணைச்சு அணைச்சுப் பத்த வச்சா எண்ண கூடுதலா இழுக்கும். அணைக்காத.”

பிளாரன்ஸ் அணைக்கவில்லை. எரிகிற தீயை வீணாக்கக் கூடாதென்று, பாவம், நடுவில் சீனிக்கிழங்கும் அவித்தாள்.

இப்போது டின் காலி. கோளாறு திரியில்தான் என்று முடிவு கட்டி, ஸ்டவ்வைச் சேலையால் மூடி எடுத்துக்கொண்டு, மில்லர்புரம் திருப்பத்தில் ரிப்பேர் பார்க்கும் இசக்கியப்பனிடம் போனாள்.

“புது ஸ்டவ்வு, இசக்கியப்பா. முதல்ல பாதி எண்ணதான் குடிச்சுது. இப்ப மூணு மடங்கு குடிக்கி. என்னான்னு பாரு. ஞாயித்துக்கிழம என் மானமே இதுலதான் இருக்கு.”

இசக்கியப்பன் ஸ்டவ்வைத் தலைகீழாகத் திருப்பினான். நகத்தால் லேசாகச் சுரண்டினான். பிறகு நிமிர்ந்தான்.

“யக்கா, மரியான் அண்ணாச்சி கொண்டாந்து பச்ச பெயிண்டு அடிக்கச் சொன்ன ஒங்க பழைய ஸ்டவ்வுதான இது?”