காதுகுத்துக்கு ஒரு வால்வு

இசைப் பிரியர்களில் இரண்டு வகை உண்டு. பாட்டைக் கேட்பவர்கள் ஒரு வகை. பாட்டு வருகிற பெட்டியையே கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது. கள்ளக்குறிச்சியில் உரக்கடை வைத்திருக்கும் மனுஷனுக்கு இந்த வியாதி எங்கிருந்து தொற்றியது என்று என் மனைவி இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

அப்போது என்னிடம் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர் இருந்தது. கண்ணாடிக் குழாய்கள் தணலாக ஒளிர, யூரியா மூட்டைகளுக்கு நடுவே அது பாடும். (மூட்டை வாங்க வந்த ஒருவர், "இன்னாங்க இது, டீ போடற அடுப்பா?" என்றார். அவருக்கு அரை மணி நேரம் விளக்கினேன். அவர் இப்போது வேறு கடையில் வாங்குகிறார்.)

அந்தக் குழாய்களில் ஒன்றுக்கு ரெக்டிஃபையர் என்று பெயர். லைனில் வரும் கரண்டை ஆம்ப்ளிஃபையருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பதுதான் அதன் வேலை. பாட்டு அதன் வழியாகப் போவதேயில்லை. கல்யாணச் சமையலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் டேங்கர் லாரி மாதிரி. ஆனால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில், சாம்பார் ருசிக்கு லாரிதான் காரணம் என்று சாதிப்பார்கள். "புது ரெக்டிஃபையரில் குரலுக்கு ஈரம் இருக்காது, அந்தக் காலத்து வால்வைப் போட்டுப் பாருங்கள்" என்றார் ஒருவர். என் பெட்டியில் இருந்த புது வால்வு ஒரு குறையும் இல்லாமல் உழைத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அதைப் படித்த நிமிடத்திலிருந்து எல்லாப் பாட்டும் எனக்கு வறட்சியாகவே கேட்டது.

இந்த லட்சணத்தில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து வந்தது. திருநாவலூர் பக்கம், மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயிலில். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டும். ஊசி இறங்கும்போது குழந்தையின் அழுகை கேட்காதபடி பாட்டைச் சத்தமாக வைப்பது வழக்கம். மாப்பிள்ளை உள்ளூர் மைக்செட்டுக்குச் சொல்லியிருந்தார். நான் அதை நிறுத்தச் சொன்னேன்.

"தாய்மாமன் சீரா என் ஆம்ப்ளிஃபையர் வருது மாப்ள. என் மருமவ காதுல தகரச் சத்தமா வுழணும்?"

"அண்ணா, கொழந்த அழுவறது கேக்காம இருந்தா போதும்ணா. நீ ஜாஸ்தி எதுவும் பண்ணிக்கினு நிக்காத" என்றாள் தங்கை.

நான் அதற்காகவே பிறந்தவன் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

கரியாலூரில், அருவிக்குப் போகும் வழியில் பஜ்ஜிக்கடை போட்டிருக்கும் ஓர் அக்காவின் வீட்டில் பழைய வால்வுகள் கிடப்பதாகத் தகவல் கிடைத்தது. அவர் கணவர் ஒரு காலத்தில் மைக்செட் வைத்திருந்தவராம். காதுகுத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பைக்கில் மலையேறினேன். முதுகுப் பையில் வால்வு சோதிக்கும் கருவி இருந்தது. ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு சாக்கெட், ஒரு மீட்டர் மூன்றையும் பலகையில் ஆணியடித்து நானே செய்தது.

அக்கா ஒரு முட்டை அட்டையில் வால்வுகளை அடுக்கி எடுத்து வந்தார். "எரியுதா எரியலியான்னு எனக்குத் தெரியாதுங்க. சீக்கிரம் பாத்துக்கோங்க. மிக்ஸி வேற ஓட மாட்டேங்குது, சட்னி அரைக்கணும்."

கண்ணாடியின் உச்சியில் உட்புறம் வெள்ளிப் பூச்சு பளபளக்க வேண்டும். பால் நிறமாக வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, வால்வின் கதை முடிந்தது. அட்டையில் ஒன்றே ஒன்று பளபளத்தது. அதைப் பலகையில் செருகி சுவிட்சைப் போட்டேன். உள்ளே கம்பி இளம் சிவப்பில் கண் திறந்தது. மீட்டர் முள் புதுப்பெண்ணாகத் தயங்கித் தயங்கி ஏறியது. ஒரு பொறி இல்லை, ஓர் உறுமல் இல்லை.

"இன்னா அமைதி பாருங்கக்கா! பழைய சரக்குன்னா சும்மாவா?"

அக்கா என்னையும் பார்த்தார், மின்விசிறியையும் பார்த்தார். அதன் இறக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், அவ்வளவு அமைதியாக அதுவும் சுற்றிக்கொண்டிருந்தது. (சாயங்காலமானால் மலையில் வோல்டேஜ் படுத்துவிடும். அரைகுறை கரண்டில் செத்த வால்வும் சாதுவாகத்தான் இருக்கும். இது எனக்குத் தெரியாததில்லை. அன்று தெரிந்துகொள்ளப் பிடிக்கவில்லை.)

வீட்டுக்கு வந்து முழு கரண்டில் ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கலாம். மனைவியும் அதைத்தான் சொன்னாள். "இதோட மொத பாட்டு என் மருமவ காதுலதான் வுழணும்" என்று அறிவித்துவிட்டு, நன்றாக உழைத்துக்கொண்டிருந்த புது வால்வைக் கழற்றிக் கடை மேசையில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் கோயில் தோப்பில் ஜெனரேட்டர் முழங்கிக்கொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபையரைப் போட்டேன். பட்டென்று ஃபியூஸ் போனது. புத்தியுள்ளவன் வால்வைச் சந்தேகப்பட்டிருப்பான். நான் ஃபியூஸைச் சந்தேகப்பட்டேன். எங்கள் பக்கத்து மோட்டார் கொட்டகைகளில் ஃபியூஸ் போனால் யாரும் கடைக்குப் போவதில்லை. வயரிலிருந்து ஒரு செம்பு நரம்பை உருவிச் சுற்றிவிட்டு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விடுவார்கள்.

"ஒரு நரம்பு பத்துமா?" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா, அனுபவஸ்தர்.

விசேஷ நாளாயிற்றே என்று நான் நாலைந்தாகச் சுற்றினேன்.

மாப்பிள்ளையைச் சுவிட்ச் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் குழந்தையோடு உட்கார்ந்தேன். ஆசாரி முதல் காதைக் கண்மூடித் திறப்பதற்குள் குத்திவிட்டார். குழந்தை வீறிட்டது. அடுத்த காதில் ஊசியை வைக்கும்போது நான் கத்தினேன்:

"போடு மாப்ள!"

போட்டார். ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று எருமை மாதிரி முனகியது. வால்வுக்குள் நீலமாக ஒரு மின்னல் வெட்டியது. உருகி அறுந்திருக்க வேண்டிய செம்பு நரம்புகள் கடமை தவறாமல் அசையாதிருக்க, கரண்டைத் தேக்கிவைக்கும் டப்பா டமாரென்று வெடித்தது. வெள்ளிக் காகிதத் துணுக்குகள் தோப்பெங்கும் பூமாரியாகப் பொழிந்தன. பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள்.

குழந்தை துள்ளிவிட்டது என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் துள்ளியது நான். மடியில் இருந்ததால் அவளும் கூட வந்தாள். ஊசி, வைத்த குறிக்கு ஓர் அரிசி அளவு தள்ளி இறங்கியது.

ஜெனரேட்டரும் நின்றுபோனது. தோப்பு முழுக்கக் கேட்டது ஒரே சத்தம், கேட்கவே கூடாது என்று தங்கை சொன்ன அந்த அழுகை. அவ்வளவு துல்லியமாக என் ஆம்ப்ளிஃபையரில் எதையும் நான் கேட்டதில்லை. தங்கை குழந்தையை என் மடியிலிருந்து வாங்கி ரத்தத்தைத் துடைத்தாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மருமகள் இப்போது பத்தாம் வகுப்பு. ஜிமிக்கி போட்டால் ஒன்று சற்று மேலே நின்று ஆடும். போட்டோ எடுப்பவர்கள், "தலைய நேரா வைம்மா" என்று திருத்திப் பார்த்துவிட்டுக் காரணம் கேட்பார்கள். அவள் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "எங்க மாமா பாட்டு போட்டாருங்க" என்பாள்.

போன தை மாதம் அவள் தம்பிக்குக் காதுகுத்து. அதே கோயில், அதே ஆசாரி. அழைக்க வந்த தங்கை வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டிவிட்டுச் சொன்னாள்: "அண்ணா, வெறும் மடியோட வந்தா போதும்."

வெறும் மடியோடுதான் போனேன். பையனை உட்காரவைத்தார்கள். ஆசாரி ஊசியைக் கையில் எடுத்தவர், என்னைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்:

"பாட்டு ஏதாவது இருக்குதுங்களா?"

"இல்ல!" என்றது தோப்பு மொத்தமும். அதற்கப்புறம்தான் ஊசியைத் தொட்டார்.