லினக்ஸ் பாய் ரீஸ்டார்ட் செய்த காலை

ஒழுங்காக ஓடுகிற கம்ப்யூட்டரைக் கண்டால் மனம் பொறுக்காதவர் திண்டுக்கல் ஜில்லாவிலேயே ஒருவர்தான் உண்டு. அவரும் எங்கள் எதிர்வீட்டில்தான் இருந்தார். தோல் மண்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவரைத் தெருவே லினக்ஸ் பாய் என்றது. எங்கள் தெருக் கம்ப்யூட்டர்கள் அத்தனையிலும் விண்டோஸை அழித்து லினக்ஸைப் போட்டவர் அவர். தபால்காரர் லேப்டாப் இல்லாமல் வந்ததால் தப்பித்தார்.

பாயிடம் ஒரு வழக்கம். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் அறையில் யாரும் இருக்கக் கூடாது. அவரும் இருக்க மாட்டார்.

"உலையில அரிசி வேகுறப்ப மூடியத் தூக்கித் தூக்கிப் பாத்தா சோறு வேகுமா சார்? செத்த நேரம் தனியா விடுங்க."

பகுத்தறிவு பற்றிக் கட்டுரையெல்லாம் எழுதியவன் நான். பணிவாக வெளியே போய்விடுவேன்.

என் மனைவி சின்னாளப்பட்டி நெசவாளர்களுக்குக் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போட்டுத் தருபவள். ஒருநாள் மதியம் மதுரை ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் அவற்றைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. பிடித்துவிட்டால் தீபாவளிச் சேலை முழுக்க அவள் டிசைன்தான். அன்று காலை பார்த்தா பாய் வர வேண்டும்?

"தங்கச்சி, புது கிராபிக்ஸ் டிரைவர் வந்திருக்கு, திரையில படம் காட்டுற சாஃப்ட்வேர். போட்டா கலரைக் கண்ணுல ஒத்திக்கலாம்."

போட்டார். ரீஸ்டார்ட் செய்தார். வெளியே போனோம். திரும்பி வந்து பார்த்தால் திரையில் அமாவாசை.

டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போட்டார். பிறகு அதற்கு முந்தைய டிரைவர், அதற்கும் முப்பாட்டன் டிரைவர். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதேதோ மந்திரம் தட்டினார். ஒவ்வொரு தடவையும் நாங்கள் வாசலுக்குப் போய் வெயிலில் நின்றோம். தெருவில் போனவர்கள், "உள்ள யாருக்கு முடியல?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

முதலாளியின் கார் வாடிப்பட்டியைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. என் மனைவி கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"வேகுதோ கருகுதோ, இந்தவாட்டி நான் எந்திரிக்க மாட்டேன் பாய்."

பாய் முகம் சுண்டிப்போய், ரீஸ்டார்ட்டைத் தட்டிவிட்டு என்னை மட்டும் இழுத்துக்கொண்டு வெளியேறினார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல்:

"பாய், நீலக் கலர்ல ஒண்ணு வந்து ஏதாச்சும் பட்டனை அமுக்கச் சொல்லுது. பத்து, ஒம்போதுன்னு எண்ணிக்கிட்டே இறங்குது."

"அப்படியெல்லாம் ஒண்ணும் வராது தங்கச்சி."

"வந்திருக்குங்கறேன். அமுக்கவா வேணாமா?"

"அமுக்கும்மா."

புது டிரைவரை உள்ளே விடலாமா என்று கம்ப்யூட்டர் நம்மைக் கேட்கிற இடமாம் அது. பதில் சொல்ல ஆளில்லையென்றால் டிரைவரை வெளியிலேயே நிறுத்திவிடுமாம். காலையிலிருந்து அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நாங்களும் டிரைவரோடு சேர்ந்து வெளியே நின்றிருக்கிறோம்.

அடுத்து அது பாஸ்வேர்டு கேட்டது. டிரைவர் போடும்போது தான் வைத்ததைப் பாய் கதவைத் திறக்காமலே கத்திச் சொன்னார். தெருவே தெரிந்துகொண்டது. திரையும் மலர்ந்தது.

முதலாளி வந்தார், பார்த்தார், தீபாவளிக்கு இவையே போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். காலையிலிருந்து சேர்த்துவைத்த வசவோடு என் மனைவி பாய் பக்கம் திரும்பினாள். அவர் கதவோரம் நின்று தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, அந்த நீலத் திரை... பாக்க எப்படி இருந்துச்சு?"

 அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க பாய். இன்னொருக்கா ரீஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன்" என்றாள்.