கட்டுச்சோற்று ஓட்டக்காரர்

ஊருக்கு ஊர் மாரத்தான் நடக்க ஆரம்பித்த பிறகு நம்மிடையே ஓர் இனம் பெருகிவருகிறது. ஓடுவதற்கென்று பிறந்த இனம் அல்ல. ஓடும்போது சாப்பிடுவதற்கென்று பிறந்த இனம். விடியற்காலையில் வாசலில் நின்று பாருங்கள். இடுப்பில் ஒரு பெல்ட், பெல்ட்டைச் சுற்றி நாலு குட்டிப் பாட்டில், முதுகில் ஒட்டிய ஒரு பை, பையிலிருந்து வாய்க்கு வரும் ஒரு குழாய், இத்தனையும் குலுங்கக் குலுங்க ஓர் உருவம் கடந்துபோகும். தெருநாய்கூடக் குரைக்காது. வாசனை பிடித்துப் பின்னால் போகும். அவர்தான் கட்டுச்சோற்று ஓட்டக்காரர்.

திண்டுக்கல் நாகல் நகரில் மோட்டார் பம்பு உதிரி பாகங்கள் விற்கும் மணிமாறன் இந்த இனத்தில் முதல் தரம். வயது நாற்பத்தாறு. டாக்டர் நடக்கச் சொன்னார், இவர் ஓடினார். முதல் மாதம் ஒரு கைக்குட்டையோடுதான் ஓடினார், பாவம். இரண்டாம் மாதம் யாரோ ஒரு வீடியோ அனுப்பிவிட்டார்கள். நெடுந்தூரம் ஓடுகிறவனின் உடம்பில் எரிபொருள் எப்போது தீரும், தீர்ந்தால் என்னாகும் என்கிற வீடியோ. அன்று பிடித்தது. பேரிங் வாங்க வருகிறவர், வால்வு வாங்க வருகிறவர், எல்லோரிடமும் ஒரே கேள்விதான்.

"தண்ணி இல்லாம மோட்டார ஓட்டுனா என்னாகும்?"

"காயில் கருகிரும்ணே."

"மனுசனும் அம்புட்டுத்தான்."

கருகாமல் இருக்க அவர் சுமந்தவற்றைக் கேளுங்கள். கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் பன்னிரண்டு, சிறுமலை வாழைப்பழம் நாலு, கடலைமிட்டாய், இந்துப்புப் பொட்டலம், எலுமிச்சைச் சாறு, அப்புறம் பழனிப் பஞ்சாமிர்தம். ஓட்டக்காரர்களுக்கென்று கடையில் விற்கும் இனிப்புக் களி இவருக்குக் குமட்டியது. அதனால் மருதாணி கோன் போலப் பிளாஸ்டிக்கைச் சுருட்டி, அதற்குள் பஞ்சாமிர்தத்தை அடைத்து, நுனியில் ரப்பர் பேண்ட் போட்டார். ஒவ்வொன்றின் மேலும் சீட்டு: கி.மீ. 6. கி.மீ. 9. கி.மீ. 12.

ஒரே ஒரு சங்கடம். ஓடிக்கொண்டே சாப்பிட்டால் அவருக்குப் புரையேறும். நிற்க வேண்டும். நின்று, பிரித்து, மென்று, விழுங்கி, வாய் கொப்பளித்து, பிறகு ஓட வேண்டும். இருபத்தொரு கிலோமீட்டரை மூன்று மணி நேரத்துக்குள் முடிக்காதவரை ஏற்றிக்கொள்ளப் பின்னாலேயே ஒரு வேன் வரும் அல்லவா? மதுரையில் அந்த வேன் இவரை ஏற்றியது. கோயம்புத்தூரிலும் ஏற்றியது. கோயம்புத்தூர் வேன் பதினெட்டாவது கிலோமீட்டரைத் தாண்டியபோது உள்ளே உட்கார்ந்து 'கி.மீ. 18' சீட்டைப் பிரித்துச் சாப்பிட்டார். ஒழுங்கு என்றால் ஒழுங்கு.

மூன்றாவது ஓட்டம் சொந்த ஊரில். மனைவி புவனேஸ்வரி முந்தின நாள் அந்த மூட்டையைத் தராசில் வைத்துப் பார்த்தார். மூன்றரைக் கிலோ.

"ஏங்க, வழி நெடுகத் தண்ணி, பழம் எல்லாம் குடுப்பாங்கல்ல?"

"யார் கை, எந்தத் தண்ணி? எப்படி நம்புறது?"

"சரி, ஒண்ணு சொல்லிட்டேன். இந்தத் தடவையும் வேன்ல வந்து எறங்குனீங்க, நான் அங்க நிக்க மாட்டேன். நம்ம ஊரே பாக்கும்."

அன்றிரவு மணிமாறன் சரியாகத் தூங்கவில்லை.

காலை ஐந்தரைக்குக் கூட்டத்தோடு நின்றார். பக்கத்தில் ஆல்வின், பாங்கு குமாஸ்தா, முப்பது வயது, கையில் ஒரு சாவிக்கொத்துகூட இல்லை. இவரை மேலும் கீழும் பார்த்தான்.

"மணிண்ணே, ஓட வந்தீங்களா, கடை போட வந்தீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆல்வின் மான்போலப் பாய்ந்துவிட்டான். மணிமாறன் குலுங்கிக்கொண்டே வத்தலக்குண்டு ரோட்டில் போனார். ஆறாவது கிலோமீட்டரில் நின்றார், சாப்பிட்டார். ஒன்பதில் நின்றார். பன்னிரண்டில் நின்றார். பதினைந்தாவது கிலோமீட்டரை அடைந்தபோது இரண்டு மணி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

அங்கே தண்ணீர் மேசை காலி. முன்னால் போனவர்கள் குடித்தது பாதி, தலையில் ஊற்றிக்கொண்டது பாதி. தொண்டர்கள் கேன் கொண்டுவரப் போயிருந்தார்கள். மேசையின் காலில் சாய்ந்து ஆல்வின் உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்து, கை நடுங்கி, உடம்பெல்லாம் குளிர்ந்த வேர்வை.

"ஏலே, என்னாச்சு?"

"காலைல வெறும் டீதாண்ணே... கண்ணு இருட்டுது."

மணிமாறன் பையைத் திறந்தார். உள்ளே கை போனது. வெளியே வரத் தயங்கியது. பதினைந்தாவது கிலோமீட்டருக்கு உரியது தமக்கு. பதினெட்டுக்கு உரியதும் தமக்கு. கொடுத்தால் கணக்கு என்னாவது? ஒரே ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து நீட்டினார்.

ஆல்வின் அதைக்கூடப் பிடிக்க முடியாமல் கீழே போட்டான்.

மணிமாறன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். கணக்காவது ஒன்றாவது! மண்டியிட்டு உட்கார்ந்து, பஞ்சாமிர்த கோனின் நுனியைப் பல்லால் கடித்து, அவன் தலையைத் தாங்கி வாயில் பிழிந்தார். உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீரைக் கொடுத்தார். "மெதுவா, மெதுவா" என்று பிள்ளைக்கு ஊட்டுவதுபோல ஊட்டினார். ஐந்தாறு நிமிடத்தில் ஆல்வின் நிமிர்ந்தான். மணிமாறனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அதற்குள் பின்னால் வந்த ஏழெட்டுப் பேர் நின்றுவிட்டார்கள். பழமும் பாட்டிலும் பரப்பியிருப்பதைப் பார்த்தால் யாருக்கு என்ன தோன்றும்?

"சார், உப்புத் தண்ணி ஒரு மடக்கு."

"எனக்கு வாழைப்பழம்."

"கொய்யா வைக்கலையா?" என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார்.

மணிமாறன் மறுக்க வாயெடுத்தார். ஆனால் நீட்டிய கைகளைப் பார்த்ததும் அவருக்குள் இருந்த கடைக்காரர் விழித்துக்கொண்டார். "வரிசையா வாங்க, வரிசையா" என்றார். எட்டுப் பேர். பை சுத்தமாகத் துடைத்தாயிற்று.

"நீங்க போங்கண்ணே. நான் வேன்ல வாரேன்" என்றான் ஆல்வின். அவன் குரலில் இப்போது கேலி இல்லை.

இரண்டேகால் மணி. பாக்கி ஆறு கிலோமீட்டர். மணிமாறன் ஓடினார். இடுப்பு லேசாக இருந்தது. அதுவே பயமாக இருந்தது. பதினெட்டில் கைக்கடிகாரம் கூவியது. சாப்பிட எதுவும் இல்லை. ஆகவே நிற்கக் காரணமும் இல்லை. நாக்கு மட்டும் வறண்டுபோயிற்று. ரோட்டோரம் பூமூட்டையோடு பஸ்ஸுக்கு நின்ற ஒச்சாயி என்கிற அம்மாள் தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார்.

"இந்தாப்பு, குடி. எதுக்கு இப்பிடி எளைச்சு ஓடியாற?"

யார் கை, எந்தத் தண்ணீர் என்று மணிமாறன் கேட்கவில்லை. குடித்தார். ஓடினார்.

இரண்டு மணி ஐம்பத்தெட்டு நிமிடம். புவனேஸ்வரி எல்லைக்கோட்டுக்கு அருகிலேயே நின்றிருந்தார். புருஷன் காலால் வருவதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மெடலைத் தொட்டுப் பார்த்தார். முதுகில் தொங்கிய காலிப் பையையும் தூக்கிப் பார்த்தார்.

"பாத்தீங்களா? ஒண்ணுமில்லாம ஓடுனீங்க, வந்து சேந்துட்டீங்க. இப்பவாச்சும் புரியுதா?"

"நல்லாப் புரியுது புவனா." மணிமாறன் மூச்சு வாங்கினார். "பதினஞ்சாவது கிலோமீட்டர்ல எட்டுப் பேருக்குப் பத்தல. அடுத்த ஓட்டத்துக்கு ரெண்டு பை. கொய்யாவும் வைக்கணும்."

சிரிக்கிறீர்கள். நான் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடமாட்டேன், என்னை எதற்கு இழுக்கிறாய் என்கிறீர்கள். சரிதான். போன வாரம் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போனீர்களே, ஒன்றரை மணி நேரப் பயணம். இலையில் கட்டிய இட்லி, முறுக்கு, ரெண்டு பாட்டில் தண்ணீர், வாந்தி வந்தால் முகர எலுமிச்சம்பழம், வராவிட்டால் கடிக்க மாங்காய். பக்கத்திலேயே இருக்கும் சின்னாளபட்டியைத் தாண்டுவதற்குள் முதல் பொட்டலத்தைப் பிரித்தது யார் என்று பக்கத்து சீட்டில் இருந்த நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.