அப்பாவின் சிறுநீரகமும் ஒரு மஞ்சள் மூடியும்

அன்புள்ள மாமாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே, ஒன்றையும் மறைக்காமல் எழுதப் போகிறேன். எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. உண்மையை எழுத முடிவுசெய்துவிட்டதால் எங்களில் இரண்டு பேர் நலம் என்று தொடங்குகிறேன்.

அப்பாவின் சிறுநீரகத்தில் கட்டி இருப்பது உங்களுக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, ஸ்கேன் படங்களையெல்லாம் சேர்த்துக் கணினி உண்டாக்கிய முழு உருவத்தைத் திரையில் சுழற்றிக் காட்டினார். சிறுநீரகம் பழுப்பு, ரத்தக்குழாய்கள் சிவப்பும் நீலமும், கட்டி மஞ்சள், வெட்ட வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு. நானும் அம்மாவும் அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இந்த மஞ்சளை யாரு சார் தேர்ந்தெடுத்தது? கண்ணு நேரா அங்கதானே போகுது?" என்றார். "அங்கதான் சார் போகணும்" என்றார் டாக்டர். அப்பா நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஜக்கும் கெட்டிலும் வடிவமைக்கிறவர், ஒரு பொருளைப் பார்த்ததும் கை தானாக நீள வேண்டும் என்பார், டாக்டருக்கு இது தெரியாதில்லையா, பாவம், பொறுமையாக நிறத்தை மாற்றிக் காட்டினார், அதற்குள் அப்பா கோட்டுக்குப் போய்விட்டார். "இவ்வளவு நேரா வெட்டினா மீதி மொட்டையா நிக்குமே. கொஞ்சம் வளைச்சு எடுக்கக் கூடாதா?" வளைத்தால் ஓரத்தில் கட்டி தங்கிவிடலாம் என்றார் டாக்டர். "ஏங்க, உங்க வயித்துக்குள்ள யாரு எட்டிப் பார்க்கப் போறா?" என்றாள் அம்மா. "பார்க்கலைன்னா கோணலா இருக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, படத்தைத் திருத்தாமல் சம்மதிக்க முடியாது என்று அப்பா எழுந்து வந்துவிட்டார்.

அதோடு விட்டாரா? படத்தின் பிரதியை அலுவலகத்துக்கு எடுத்துப்போய், என்னவென்று சொல்லாமல், பார்த்ததும் என்ன தோன்றுகிறது என்று எல்லோரிடமும் கேட்டிருக்கிறார். புது கெட்டில் என்று நினைத்த விற்பனை மேலாளர், "உடம்பு நல்லா வந்திருக்கு சார், மூக்குதான் கொஞ்சம் நீளம். அந்த மஞ்சள் மூடி பிரமாதம். எது போனாலும் அதை எடுத்துடாதீங்க" என்றாராம். அப்பா இதைச் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அப்பாவும் சிரிக்கவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் மறுபடியும் போன் செய்தார். அம்மா கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், இரண்டு வேளை பேசாமலும் இருந்து பார்த்தாள். "உன் தம்பி வந்து சொன்னாலும் இதேதான்" என்கிறார் அப்பா. ஆகவே நீங்கள் உடனே வந்து அப்பாவை நன்றாகத் திட்ட வேண்டும். குரல் பெரிதாக இருப்பது உங்களுக்கு மட்டும்தான்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் முதுகுவலி குறைய வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: அப்பா சம்மதித்துவிட்டார். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "எப்படி வேணா வெட்டட்டும். போயிடலாம்" என்றார். நான் சந்தோஷப்படுவதற்குள் அம்மா, "வேண்டாம்" என்றாள். "நீங்க மாட்டேன் மாட்டேன்னு சொல்லிட்டிருந்த வரைக்கும் நான் தைரியமா இருந்தேன்" என்று அழுதாள். எனவே மேலே திட்ட வேண்டிய இடத்தில் அப்பாவுக்குப் பதிலாக அம்மா என்று படித்துக்கொள்ளுங்கள். மெதுவாகத் திட்டுங்கள், மாமா. இப்போது இரண்டு பேரும் அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். விளக்கை அணைத்துவிட்டார்கள்.