பயம் தெளிய நான் செய்த சர்வ வைத்தியம்

பயமில்லாத மனிதரை நான் பார்த்ததில்லை. அடுத்தவர் பயத்துக்கு மருந்து சொல்லத் தெரியாத மனிதரையும் பார்த்ததில்லை. இந்த இரண்டாவது சங்கதியில் எங்கள் கொல்லயில் ஊர்க்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது.

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம். தமிழ் பேசும் எங்கள் திருவிதாங்கூர் ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று பாறசாலைப் பக்கம் அடிக்கடி கூட்டம் நடக்கும். அப்படி ஒரு கூட்டத்தில் என் அண்ணன் கோபாலன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து நின்று, "அடுத்த கூட்டத்துல எனக்க தங்கச்சி பகவதி பேசுவா. பத்தாங்கிளாஸ் ஜெயிச்சவளாக்கும்!" என்று அறிவித்துவிட்டு வந்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். (அதை யாரும் மறந்துவிடாமல் நானே பார்த்துக்கொண்டேன். முற்றத்தில் நெல் கொத்த வரும் கோழியைக்கூட இங்கிலீஷில்தான் விரட்டுவேன்.) ஆகவே, "பேசினா போச்சு" என்று சடையைப் பின்னால் தள்ளிவிட்டுச் சொன்னேன்.

அப்பா இன்னொரு முடிச்சும் போட்டார். தங்கை சரசுவை மேலே படிக்க அனுப்புவதா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த சமயம் அது. "மூத்தவ மேடையில நாலு வார்த்தை பேசட்டு. படிச்சதுல என்ன குணம் உண்டுண்ணு பாத்துட்டு சின்னவள விடலாம்" என்றார். அதைக் கேட்ட நாள்முதல் சரசு எனக்குப் பதிலாகக் கிணற்றில் தண்ணீர் கோரினாள், எனக்குப் பதிலாகப் பாத்திரம் தேய்த்தாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் சாமியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அந்தப் பார்வையில்தான் என் நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. வைத்த சோறு அப்படியே இருந்தது.

செய்தி பரவியது. மருந்துகள் வந்தன.

வைத்தியர் நாடி பிடித்தார். "இது வாயு. ராத்திரி படுக்கப்போவும்ப ஜாதிக்காயப் பாலுல ஒரு நுள்ளு உரைச்சுக் குடி" என்றார். வர்ம ஆசான் வந்து, "வாயுவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நரம்பு முறுக்கியிருக்கு" என்று உச்சந்தலையில் எண்ணெய் வைத்துப் பிடரியைத் தடவிவிட்டு, "படபடப்பு வந்தா இதுபோலச் செய்யணும்" என்றார். மிஷன் கோயில் உபதேசியாரின் மனைவி, எனக்குத் தமிழ் எழுத்து சொல்லித்தந்த புண்ணியவதி, "ரெண்டு பேருக்கும் தெரியாது மக்கா. இது ஆத்துமாவுல உள்ள கலக்கம். கண்ணை மூடிக்கிட்டு மூச்சை மெதுவா இழுத்து மெதுவா விடு" என்றார். அண்ணன் மனைவி, என் மைனி, இவர்கள் எல்லோரையும் ஒரே வாக்கியத்தில் தள்ளினாள்: "வயிறு காஞ்சா பேடி வராம என்ன செய்யும்? தயிரு ஊத்திப் பழங்கஞ்சி குடி." (பேடி என்றால் எங்கள் பக்கத்தில் பயம்.)

நால்வரும் தனித்தனியாகச் சொன்னதுதான். சாதாரண மனுஷி என்றால் ஏதாவது ஒன்றைச் செய்திருப்பாள். நான் படித்தவள் அல்லவா? வயிற்றுக்கு ஒன்று, நரம்புக்கு ஒன்று, ஆத்துமாவுக்கு ஒன்று என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தால் எப்படிக் குணமாகும், மனிதரை முழுசாக அல்லவா பார்க்க வேண்டும் என்று ஆராய்ந்தேன். முடிவில், கூட்டம் நடக்கும் அன்று மதியம் எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தேன்.

தலை நிறைய எண்ணெய் தேய்த்து, பிடரியைப் பிசைந்து, வெந்நீரில் குளித்தேன். ஒரு செம்பு பழங்கஞ்சி குடித்தேன். அதன்மேல் ஜாதிக்காய்ப் பால். (நுள்ளு, அதாவது சிட்டிகை, என்றால் எவ்வளவு என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. தாராளமாகவே உரைத்தேன்.) மூச்சுப் பயிற்சியை மட்டும் மேடைக்கென்று வைத்துக்கொண்டேன்.

அறுப்பு முடிந்த வயலில் கூட்டம். வரப்போரம் போலீஸ்காரர்கள் நின்றார்கள். முன்வரிசையில் அப்பா, பக்கத்தில் கையைக் கூப்பியபடி சரசு. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்திருந்த தலைவர் பேசத் தொடங்கினார். நான் மேடை நாற்காலியில் அமர்ந்து கண்ணை மூடி, மூச்சை மெதுவாக இழுத்தேன். மெதுவாக விட்டேன்.

ஆஹா, என்ன அமைதி! நாலு மருந்தும் சேர்ந்து வேலை செய்தன. பயம் போயிற்று. கூடவே மேடை, வயல், தலைவர் எல்லாமே போயிற்று.

தலைவர் உச்சக்கட்டத்துக்கு வந்திருக்கிறார். "நம் தாய்மொழி எது? இதோ, படித்த இந்தத் தங்கை எழுந்து சொல்வாள்! பகவதி!"

வகுப்பில் தூங்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். சடாரென்று எழுந்தேன். கையைக் கட்டினேன். மைக்கில் ஊர் முழுக்கக் கேட்கும்படி, பள்ளிக்கூடத்து மலையாளத்தில் சொன்னேன்:

"எனிக்கு அறிஞ்ஞூடா, சாரே!"

எனக்குத் தெரியாது ஐயா!

முதலில் சிரித்தது ஒரு போலீஸ்காரர்தான். பிறகு வயல் முழுக்கச் சிரித்தது. அண்ணன் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். "எலே கோவாலா, இதுதானா உனக்க பத்தாங்கிளாஸ்?" என்று யாரோ கத்தினார்கள். சரசு மட்டும் சிரிக்கவில்லை. கூப்பிய கையை அவள் மெல்லக் கீழே இறக்குவதைப் பார்த்தேன்.

உறக்கம் ஓடிவிட்டது. விசித்திரம் என்னவென்றால், படபடப்பும் இல்லை. எது நடந்துவிடுமோ என்று பயந்தேனோ அது நடந்து முடிந்திருந்தது. இனி பயப்பட மிச்சம் ஏது? அத்தனை பேர் மருந்து சொன்னார்களே, எதற்குப் பயம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. மனப்பாடம் செய்த செந்தமிழ் முழுதும் மறந்துபோக, வாய்க்கு வந்ததைப் பேசினேன்.

"சிரிங்க. நான் பேடிச்சது இதத்தான். தமிழ்க் கூட்டத்துல வாயத் தெறந்தா மலையாளம் வந்துருமோண்ணு. வந்துட்டு! எனக்கு வீட்டுல தமிழு, பள்ளிக்கூடத்துல மலையாளம். ரெண்டும் எனக்குப் பிரியம்தான். ஆனா உறக்கத்துல கேட்டா, பள்ளிக்கூடம் தந்ததுதான் வாயில வருது. அம்மை தந்ததும் வரணும்ணா அதுக்கும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டாமா? எனக்க தங்கச்சிக்காவது வேண்டாமா?"

அவ்வளவுதான் என் சொற்பொழிவு. கைதட்டினார்கள். (சிரித்தவர்களுக்குத்தான் கை அதிகம் வலித்திருக்கும்.)

வீட்டுப் படியேறும்போது அப்பா, "மானம் போன பெறவும் எழும்பி நிண்ணு பேசினா பாத்தியா, அதுதான் படிப்பு. சின்னவளும் படிக்கப் போவட்டு" என்றார். மறுநாளிலிருந்து சரசு எனக்குப் பதிலாகத் தண்ணீர் கோருவதை நிறுத்திவிட்டாள்.

ஆசிரியையாகிவிட்ட இன்றும் வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போகுமுன் எனக்கு நெஞ்சு படபடக்கும். எதற்கென்று மைனியிடம் சொல்லிவிட்டுப் போவேன். அவள் இன்னும் கஞ்சியைத்தான் நீட்டுகிறாள்.

மேடையில் நான் சொன்ன அந்தப் பதில் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. வெல்லத்தை யார் தின்றது என்று கேட்டாலும் அதுதான், சந்தைக்கு யார் போவது என்று கேட்டாலும் அதுதான். அந்தக் கூட்டத்துக்குச் சில காலத்துக்குப் பின் எல்லைக் கோடு விழுந்தது. நாங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் நின்றுவிட்டோம். அண்ணன் செய்தியை வாசித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தான். ஒருவரும் சாப்பிடவில்லை.

"அப்போ இனி நாம ஆருலே?" என்றார் அப்பா.

அண்ணன் என் பக்கம் கையைக் காட்டினான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். படித்தவள் அல்லவா? எழுந்தேன். கையைக் கட்டினேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் சரசு முந்திக்கொண்டாள்.

"எனிக்கு அறிஞ்ஞூடா, சாரே!"

அண்ணன்தான் முதலில் சிரித்தான்.