அவசரத்துக்கு ஒரு நம்பர்

போன் அடித்துக்கொண்டிருந்தது. பாப்பாரப்பட்டிப் புளி வியாபாரி சவுரியப்பன், பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவதைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடித்து ஓய்ந்தது. புளி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து மகள் எழிலரசி, கையில் அம்மாவின் போனோடு வெளியே வந்தாள்.

"எடுப்பா! நான்தான் அடிச்சேன். அங்க எனக்குக் கை கால் முறிஞ்சிருந்தா என்ன ஆவறது?"

"மொதல் ரிங்குலயே எடுத்தா சரக்கு தேங்கிக் கெடக்குதுன்னு நெனச்சு வெலையைக் கொறைச்சிருவான் பாப்பா. ரெண்டு தடவ உட்டுப் புடிக்கணும். நெஜமா வேணுங்கறவன் மூணாவது தடவ கூப்புடுவான்."

இந்தக் கொள்கையில்தான் சவுரியப்பன் மாடி வீடு கட்டினார். இப்போது அதுவே மகளின் ஜெர்மனிப் பயணத்துக்கு எமனாக வந்து நின்றது. அவளுக்குக் கல்லூரி மூலம் அங்கே ஒரு பருவம் படிக்க இடம் கிடைத்திருந்தது. காப்பீடு எடுத்தாயிற்று. மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டு வாங்கியாயிற்று. தடுப்பூசியும் போட்டாயிற்று. ("ரெண்டு மருந்தையும் ஒரே ஊசியில போட்டா எவ்ளோ கொறைப்பீங்க?" என்று தருமபுரியில் நர்ஸிடம் சவுரியப்பன் கேட்டது தனிக் கதை.) மிச்சம் ஒன்றுதான். வெளிநாட்டுப் படிப்புக்குப் பொறுப்பாளரான சுசித்ரா மேடம் இன்று எந்த நேரத்திலும் கூப்பிடுவார். ஆபத்து என்றால் பெற்றவர் போனை எடுக்கிறாரா என்று சோதிப்பார். இரண்டு முறை அடித்தும் எடுக்கவில்லையென்றால் இடம் அடுத்த பெண்ணுக்கு.

"சரி, அடி. எடுக்கறேன்."

எழிலரசி மறுபடி மூட்டைக்குப் பின்னால் போனாள். முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"ஹலோ, ஆஸ்பத்திரியில இருந்து பேசறோம். உங்க பொண்ணுக்குக் கால் முறிஞ்சிருச்சு. ஆபரேஷனுக்குச் சம்மதமா?"

"எவ்ளோ சொல்றீங்க?"

"அப்பா!"

"இரு பாப்பா. எதுத்தாப்புல இன்னொரு ஆஸ்பத்திரி இருக்குது, அங்க போறேன்னு சொல்லிட்டு நாலு எட்டு நட. பின்னாடியே ஓடியாருவான்."

"காலு முறிஞ்சிருக்குதுப்பா! எப்படி நடக்கறது?"

"நொண்டிக்கிட்டே நட. எரக்கப்பட்டு இன்னும் கொறைப்பான்."

எழிலரசி தலையில் அடித்துக்கொண்டாள். "நீ ஒண்ணும் பேசவே வேணாம். ரிங் வந்த ஒடனே எடு. என்ன சொன்னாலும் 'சரிங்க'ன்னு மட்டும் சொல்லு. போதும்."

போன் அடித்தது. தெரியாத நம்பர். பாய்ந்து எடுத்தார்.

"சரிங்க!"

"நமஸ்காரா. ஓசூர் முனிராஜ், மகன் போன்லருந்து பேசறேன். கொட்டையெடுத்த புளி ஒரு லோடு வேணும். போன வருச வெலைதான்."

சவுரியப்பனுக்குச் சந்தேகம் வந்தது. மேடம் ஆள் வைத்துச் சோதிக்கிறாரோ? எதிரே மகள், யாரென்று தெரியாமலேயே, 'சொல்லு சொல்லு' என்று கையை ஆட்டினாள்.

"சரிங்க."

"இன்னிக்கே ஏத்திடணும்."

"சரிங்க."

முனிராஜின் கன்னடம் கலந்த குரல் சட்டென்று தாழ்ந்தது.

"ஏனு சவுரியப்பா, மொதல் ரிங்குல எடுக்கறே, கேட்ட வெலைக்குத் தர்றே... புளியில வண்டு உழுந்திருச்சா? எனக்கு வேணாம் சாமி."

வைத்துவிட்டார்.

லோடு போனால் போகட்டும். சவுரியப்பன் புளியில் வண்டு என்ற பேச்சு சாயங்காலத்துக்குள் ஓசூர் முழுக்கப் பரவிவிடுமே! பதறிப்போய் இவரே கூப்பிட்டார். மாதா மேல் சத்தியம் செய்தார். விலையை ஏற்றினார். கடைசியில் சண்டை போட்டார். சண்டை போட்ட பிறகுதான் முனிராஜுக்கு நம்பிக்கையே வந்தது. நடுவில் காதுக்குள் வேறு யாரோ கூப்பிடும் 'பீப் பீப்' கேட்டது. சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டது. வேணுங்கறவன் மூணாவது தடவ கூப்புடுவான் என்று சவுரியப்பன் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாவது தடவை வரவில்லை. எழிலரசிக்கு மேடத்தின் வாட்ஸ்அப்தான் வந்தது. இரண்டு முறை அழைத்தும் அப்பா எடுக்காததால் இடம் அடுத்த மாணவிக்குப் போகிறது. ஆட்சேபம் இருந்தால் கல்லூரியின் இருபத்துநாலு மணிநேர அவசர உதவி எண்ணில் பேசலாம்.

எழிலரசி மூட்டைமேல் சரிந்து அழுதாள். "உன் புளிய நீயே கரைச்சுக் குடி!"

சவுரியப்பன் அவசர உதவி எண்ணுக்கு அடித்தார். முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தார். ஓய்ந்தது. மூன்றாவது தடவை ஒரு கொட்டாவி கேட்டது.

"வாட்ச்மேன் ராஜப்பன் பேசறேனுங்க."

"ஏங்கண்ணா, வெளிநாட்டுல புள்ளைங்க உழுந்து கெடந்தாலும் இந்த நம்பருக்குத்தானே அடிக்கணும்? ரெண்டு தடவையும் ஏன் எடுக்கல?"

ராஜப்பன் சொன்ன பதிலைக் கேட்டதும், எதிராளியின் தராசில் எடைக்கல் குறைவதைக் கண்டுபிடித்த வெளிச்சம் சவுரியப்பன் முகத்தில் வந்தது. ஸ்பீக்கரைப் போட்டார். மகளிடம், உன் போனில் பதிவு செய் என்று ஜாடை காட்டினார். நாற்காலியை இழுத்துப்போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணா, இப்ப சொன்னீங்களே, அதையே பொறுமையா இன்னொரு தடவ சொல்லுங்க."

"சுசித்ரா மேடம்தாங்க சொல்லியிருக்காங்க. ரெண்டு தடவ அடிச்சா எடுக்காத, நெஜமாவே அவசரம்னா மூணாவது தடவ கூப்புடுவாங்கன்னு."