மாமா சொன்னபடி கொடுத்த மெமரி

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாமாவுக்கு, உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள், நான் பார்த்துக்கொள்ளும் சர்வர் உங்கள் ஆபீஸில் இல்லையே. மெயில் போடாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். இங்கே மெயில் போவதும் அந்தப் பாழாய்ப்போன ப்ராக்ஸி வழியாகத்தான், அதனால் போகாது. போன் பண்ணலாம், ஆனால் நீங்கள் இன்னொரு யோசனை சொல்லிவிடுவீர்கள்.

நீங்கள் சிபாரிசு பண்ணி வாங்கிக் கொடுத்த வேலை இது. ஆபீஸில் அத்தனை பேரும் இன்டர்நெட்டுக்குப் போக என் ப்ராக்ஸி ஒன்றுதான் வாசல். ஒருத்தர் பார்த்த பக்கத்தை அது எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேட்டால் வெளியே ஓடாமல் அதையே கொடுக்கும்; அந்தச் சேமிப்புக்குப் பெயர்தான் கேஷ். காலையில் எல்லாரும் ஒரே சமயத்தில் வந்து உட்கார்ந்தால் கொஞ்சம் திணறும், வேறு குறை இல்லை. அதை உங்களிடம் சொன்னது என் கெட்ட நேரம். “மெமரி எதுக்குச் சும்மா கிடக்கு மாப்பிள்ளை? மொத்தத்தையும் கேஷுக்கே எழுதி வச்சிடு”ன்னு சொன்னீங்க, என்னமோ சொத்து எழுதி வைக்கிற மாதிரி. வச்சேன். அப்படி எழுதி வைத்த மெமரி, எடுத்து வைக்கிற பக்கங்களுக்கு மட்டும்தானாம், டிஸ்கில் எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்ற கணக்குக்குத் தனியாக மெமரி வேணுமாம், சர்வர் மூச்சு விடவும் கொஞ்சம் வேணுமாம். இடம் பற்றாமல், மெமரியில் இருந்ததை டிஸ்குக்குத் தள்ளுவதும் திரும்ப இழுப்பதுமாகவே அதற்குப் பொழுது போனது. மறுபடியும் உங்களுக்கே போன் பண்ணினேன் பாருங்க, என்னைச் சொல்லணும். “அப்போ டிஸ்க்ல நிறைய இடம் கொடு, கடைசி மூலை வரைக்கும் கொடு”ன்னீங்க. இடம் கூடக் கூட அந்தக் கணக்கும் கூடுது, கணக்கு கூடினா மெமரியை இன்னும் திங்குது, கடைசியில் டிஸ்கில் ஒரு வரி எழுதவும் இடமில்லாமல் சர்வர் படுத்தேவிட்டது. எழுப்பினால், வைத்திருக்கிற பக்கத்தையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வருவேன் என்கிறது. பார்த்து முடிப்பதற்குள் மறுபடி படுத்துவிடுகிறது.

லிஃப்டில் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். கணக்குப் பிரிவு அம்மா சர்வர் ரூமுக்கே வந்து, “எப்போ ஆச்சு தம்பி? நல்லாத்தானே இருந்துச்சு?” என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார். மேனேஜர் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லவில்லை. “நீங்க வர்றதுக்கு முன்னாடி நெட் மெதுவா இருந்துச்சு. இப்போ இல்லவே இல்லை. உங்களை நிரந்தரமாக்குற பைல் மாசக் கடைசியில என் மேஜைக்கு வருது, ஞாபகம் இருக்கட்டும்” என்றார். வீட்டில் அவளுக்கு இது ஏழாவது மாதம். வேலை போய்விட்டால் எந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவேன்? சாப்பாடு இறங்கவில்லை மாமா. பாத்ரூமில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுகிறேன்.

அக்காவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவாள். குழந்தைகளுக்கு என் அன்பும் ஆசியும். உங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன், இந்த ஜென்மத்தில் சர்வரைப் பற்றி எனக்கு இனி ஒரு யோசனையும் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சைக் கேட்ட மைத்துனன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனவன், வெறுத்துப்போய் நீங்கள் சொன்னதற்கெல்லாம் நேர் எதிராகச் செய்து பார்த்தேன். கேஷுக்கு மெமரியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும், எடுத்து வைத்திருந்த பக்கங்களை அழித்துவிட்டு டிஸ்கில் தாராளமாகக் காலி இடம். சர்வர் பறக்கிறது மாமா. ஓடிப்போய் மேனேஜரிடம் சொன்னேன். “யாரைக் கேட்டுச் சரி பண்ணினீங்க? நெட் இல்லாத இந்த வாரத்துலதான் தேங்கிக் கிடந்த வேலை பூரா முடிஞ்சிருக்கு. பழையபடி படுக்க வச்சிட்டு வாங்க, அப்புறம் உங்க பைலைப் பார்க்கலாம்” என்கிறார். அப்போதிருந்து கெடுத்துக் கெடுத்துப் பார்க்கிறேன். நீங்கள் அன்று சொன்னதையே திரும்பச் செய்தாலும், பழைய பக்கங்கள் போய்விட்டதால் கொஞ்ச நேரம் திணறிவிட்டுத் தானே எழுந்து ஓடுகிறது. அந்த அளவுக்குக் கெடுக்க எனக்குக் கை வரவில்லை. மேலே எழுதியதை மனசில் வைத்துக்கொள்ளாமல், உடனே போன் பண்ணி ஏதாவது ஒரு யோசனை சொல்லுங்க மாமா.